விரிப்பின் மறுமுனை

அந்தக் கதவு சாத்தியிருந்ததா, ஒருக்களித்திருந்ததா என்பதில் எனக்கு இன்னும் நிச்சயமில்லை. இதை எனக்குச் சொன்னவள் ஒருமுறை சாத்தியிருந்தது என்றாள். வேறொரு முறை, நான் கேட்காமலேயே, ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது என்றாள். இரண்டாம் தடவை சொன்னபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதனால் அதையே நம்பி எழுதுகிறேன். மற்றவற்றில் அங்கங்கே ஞாபகம் பிசகியிருக்கலாம். பாட்டுத் தேர்வு நடந்த பள்ளிக்கூடத்தின் சுவர் பச்சையா நீலமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அவளை வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள். சேட்டை செய்து வந்த பெயரில்லை. அண்ணன் கல்யாணம் செய்து அண்ணியைக் கூட்டிக்கொண்டு வந்தபோது இவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த சின்னப் பெண். புது அண்ணி சமையலறைக்குப் போனால் இவளும் பின்னாலேயே போவாள், மாடிக்குத் துணி காயப்போடப் போனால் அங்கேயும் போவாள். "இதென்ன, எனக்கு வால் முளைச்ச மாதிரி" என்று அண்ணி சிரித்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது. கல்யாணப் பேச்சு வந்து வந்து தள்ளிப்போய், கடைசியில் வருவதே நின்று, காதோரம் நரை எட்டிப் பார்த்த பிறகும் அவள் வாலுதான்.

அண்ணி வரும்போதே பாட்டோடு வந்தாள். பாத்திரம் தேய்த்தால் ஒரு பாட்டு, தலை வாரினால் ஒரு பாட்டு. கூடவே திரிந்த வாலுவுக்கும் அது தொற்றிக்கொண்டது. அண்ணியின் குரல் எங்கே ஏறுகிறதோ அங்கே ஏறி, எங்கே இறங்குகிறதோ அங்கே இறங்கி, தனக்கென்று ஒரு குரல் இருக்கிறதா என்றுகூட யோசிக்காமல் பாடிப் பழகினாள். வாசலில் நின்று கேட்பவர்களுக்கு வீட்டுக்குள் பாடுவது ஒருத்தியா இரண்டு பேரா என்று தெரியாது.

இருவரும் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தார்கள். தரைக்குக் கீழே இருந்த நீளமான கூடம் அது. ஒரு பக்கம் துவைக்கும் இயந்திரங்கள், நடுவில் உலர்த்தும் இயந்திரங்கள், கடைசியில் மடிக்கும் இடம். எந்நேரமும் ஒரு பெரிய வண்டு காதுக்குள் புகுந்துகொண்டதுபோல இரைச்சல். அண்ணன் அதே மருத்துவமனையின் துணி வேனை ஓட்டினான். மூன்று பேரும் ஒரே சோப்பு வாசனையோடு வீடு திரும்புவார்கள்.

மடிக்கும் இடத்தில் அண்ணியும் வாலுவும் ஒரு ஜோடி. கட்டில் விரிப்பு மடிப்பதை வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேர் ஏதோ ஆட்டம் ஆடுவதுபோல இருக்கும். எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து ஓர் உதறு. நீளவாக்கில் ஒரு மடிப்பு, மறுபடி ஒரு மடிப்பு. பிறகு அண்ணி முன்னால் நடந்து வந்து தன் கையிலிருக்கும் முனையை வாலுவின் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து, கீழே தொங்கும் மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவாள். மறுபடி வருவாள், கொடுப்பாள், குனிவாள். வாலு நின்ற இடத்திலேயே நிற்பாள். வாங்கிக்கொள்வது அவள் வேலை.

மடிக்கும்போது பாட்டு இல்லாமல் இருக்காது. அதிகமும் அந்தப் படகுப் பாட்டுதான். படகு போன பிறகு கரையிலேயே நிற்கும் ஒருத்தி பாடுவது. அண்ணி அதை யாரிடம் கற்றாள் என்று அவளுக்கே மறந்துவிட்டது. அதில் இரண்டாவது வரி மகா நீளம். ஆறு எங்கே முடிகிறது என்று தெரியாமல் போய்க்கொண்டே இருப்பதைப்போல அந்த வரியும் நிற்காமல் போகவேண்டும். நின்றால் பாட்டின் உயிர் போய்விடும்.

அண்ணி முனையைக் கொண்டுவந்து கொடுத்துக் குனிகிறபோது மூச்சு வாங்குவாள். குனிந்துகொண்டு யாரால் பாட முடியும்? அந்த நேரம் வாலு வரியைப் பிடித்துக்கொள்வாள். அண்ணி நிமிர்ந்து சேர்ந்துகொண்டதும் வாலு விட்டுவிட்டுத் தன் மூச்சை வாங்குவாள். துணி கை மாறும்போது பாட்டும் கை மாறியது. இப்படித்தான் செய்யவேண்டும் என்று அவர்கள் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. நடக்கும்போது இப்போது எந்தக் கால் என்று யார் பார்க்கிறார்கள்?

ஒருநாள் அண்ணன் துணி ஏற்ற வந்தவன், பாட்டைக் கேட்டுவிட்டுக் கைபேசியை எடுத்துப் படம் பிடித்தான். அவன் நின்ற இடத்துக்கும் அவர்களுக்கும் நடுவில் மடித்த துணி அடுக்கிய தள்ளுவண்டி ஒன்று இருந்தது. அதற்குப் பின்னால் வாலு மறைந்துபோனாள். அவள் கொஞ்சம் குள்ளம் வேறு. படத்தில் அண்ணி பாடிக்கொண்டே வருகிறாள், குனிந்து வண்டிக்குப் பின்னால் மறைகிறாள், பாட்டு நிற்காமல் ஓடுகிறது, பாடிக்கொண்டே நிமிர்கிறாள். மறுமுனையில் விரிப்பைப் பிடித்திருக்கும் இரண்டு கைகள் மட்டும் ஓரத்தில் தெரிகின்றன.

தொலைக்காட்சியில் ஒரு பாட்டுப் போட்டி வரப்போவதாக விளம்பரம் ஓடிக்கொண்டிருந்த சமயம். அண்ணன் யாரிடமும் சொல்லாமல் அந்தப் படத்தைப் போட்டி நடத்துகிறவர்களுக்கு அனுப்பிவைத்தான். இதில் சூதுவாது ஒன்றும் இல்லை. பெண்டாட்டி பாடுகிறாள், நன்றாகப் பாடுகிறாள், அனுப்புவோமே என்று அனுப்பினான்.

தொலைக்காட்சியிலிருந்து அழைப்பு வந்தபோது மூன்று பேரும் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் பதறிப்போய்க் கைபேசியின் ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டான். ஒரு பெண் படபடவென்று பேசினாள்.

"மேடம், உங்க வீடியோ பார்த்து இங்க எல்லாரும் ஆடிப்போயிட்டோம். அந்த ரெண்டாவது லைன் இருக்கே, மூச்சே விடாம பாடுறீங்களே, அதுவும் குனிஞ்சு நிமிர்ந்து வேலை பார்த்துக்கிட்டே! எப்படி மேடம்?"

அண்ணிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "பழக்கந்தாங்க" என்றாள்.

வாலு தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். அண்ணி அடுத்து ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தாள். எதற்குக் காத்திருக்கிறோம் என்று அப்போது அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. அண்ணி தேதியும் இடமும் கேட்டுக்கொண்டு வணக்கம் சொல்லி வைத்தாள்.

"பாத்தியா, உங்க அண்ணி டிவில வரப்போறா! இனிமே நமக்கெல்லாம் சோறு போடுவாளோ மாட்டாளோ" என்றான் அண்ணன்.

"முதல்ல நீங்க சட்டைக்குப் பொத்தான் போடுங்க. நாளைக்கு டிவிக்காரங்க வந்து வீட்டைப் படம் எடுத்தா மானம் போயிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். வாலுவும் சிரித்தாள். அன்று படுக்கும் முன் அண்ணனின் கைபேசியை வாங்கிக் காதோடு ஒட்டிவைத்து அந்தப் படத்தைக் கேட்டாள். அண்ணி வண்டிக்குப் பின்னால் மறையும் இடத்தில் வந்தது தன் குரல். அதை அவள் அதுவரை வெளியிலிருந்து கேட்டதே இல்லை. நன்றாக இருந்தது. அண்ணியின் குரலைவிட ஒரு நூல் மெலிசு, ஆனால் அசையாமல் நின்றது. திரும்பத் திரும்பக் கேட்டாள். மூச்சே விடாம பாடுறீங்களே என்று அந்தப் பெண் சொன்னது தன்னைத்தான் என்று தெரிந்ததும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. யாரிடம் போய் அதைச் சொல்வது என்று யோசித்தபோதுதான் சந்தோஷம் வடிந்தது.

மறுநாள் சலவைக்கூடம் முழுக்க இதே பேச்சு. ரேடியோ அக்கா என்று ஒருத்தி அங்கே இருந்தாள். ஊர்ச் செய்தியெல்லாம் அவள் வாய் வழியாகத்தான் போகும். அவள் உலர்த்தும் இயந்திரத்தின் கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"ஏம்மா, டிவிக்குப் போறியாமே! எங்களையெல்லாம் ஞாபகம் வச்சுக்குவியா, இல்ல யாரு நீங்கன்னு கேப்பியா?"

"உங்களை மறக்க முடியுமாக்கா? மறந்தா ஊரெல்லாம் சொல்லிட மாட்டீங்க?"

"அது சரி! ஆமா, ரெண்டு பேருந்தானே பாடுவீங்க? வாலு போகலையா?"

அண்ணி ஒரு விரிப்பை உதறிக்கொண்டே, வேறெங்கோ பார்த்தபடி, "அவ சும்மா கூட முனகுவா" என்றாள்.

அதில் இளக்காரம் ஒன்றும் இல்லை. கரண்டி எங்கே என்று கேட்டால் அலமாரியில் என்று சொல்வதுபோலச் சொன்னாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இரைச்சலுக்கு நடுவில் தான் குனிவதும் நிமிர்வதும் அவளுக்குத் தெரியும், பாட்டு நிற்கவில்லை என்பது தெரியும். நடுவில் தன் வாய் மூடியிருந்தது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. வாலுவுக்கு இதெல்லாம் அன்றே புரிந்தது. புரிந்தும் முனகுவா என்ற அந்தச் சொல் மீன் முள்ளைப்போலத் தொண்டையில் மாட்டிக்கொண்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அண்ணி தினமும் சமையலறையில் நின்று பாடிப் பார்த்தாள்.

"நீயும் சேந்துக்கடி. நீ கூட இருந்தாத்தான் எனக்கு வருது."

வாலு சேர்ந்துகொண்டாள். அண்ணி மூச்சு வாங்கும் இடமெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பாட்டு வழுக்கிக்கொண்டு போனது. அண்ணி திருப்தியோடு அடுப்பை அணைத்தாள்.

ஒரு நாள் மட்டும் வாலு நடுவில் நிறுத்திப் பார்த்தாள். சோதிக்கவா, சொல்லாமல் சொல்லவா, எதற்கென்று அவளால் பின்னாளில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டாவது வரியில், அண்ணி மூச்சு வாங்கும் இடத்தில், வாயை மூடிக்கொண்டாள். பாட்டு படியில் கால் தவறியதுபோல நின்றது. குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

அண்ணி திரும்பிப் பார்த்தாள். "ஏன்டி நிறுத்திட்ட? தொண்டை சரியில்லையா?"

அதுதான் வாய்ப்பு. நீங்கள்தான் நிறுத்தினீர்கள் அண்ணி, நான் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அண்ணி முதலில் நம்ப மாட்டாள். பிறகு இன்னொரு முறை பாடிப் பார்த்து, அட ஆமாம் என்று நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து மூச்சுக்கு வேறு இடம் பார்த்திருக்கலாம். அல்லது தொலைக்காட்சிக்காரர்களைக் கூப்பிட்டு, நாங்கள் இரண்டு பேர் என்று சொல்லியிருக்கலாம்.

"ஆமா அண்ணி, தொண்டைதான்" என்றாள் வாலு.

அண்ணி உடனே வெந்நீர் வைத்தாள். உப்புப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்து, இவள் கொப்பளித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். "போட்டி எனக்கு, தொண்டை கட்டுறது உனக்கு. நல்லா இருக்குடி நியாயம்!" என்று தலையில் தட்டினாள்.

போட்டிக்கான தேர்வு ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. விடுமுறை நாளாகப் பார்த்து வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வளர்ந்த ஆட்கள் எல்லோரும் நெஞ்சில் எண் ஒட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தடியான மனிதர் மூலையில் சுவரைப் பார்த்து நின்று பாடிக்கொண்டிருந்தார், தண்டனை வாங்கிய மாணவனைப்போல. இன்னொருத்தி தேனை நக்கிக்கொண்டே அழுதாள். அண்ணன் வேனை நிறுத்த இடம் தேடிப் போனவன் திரும்பி வரவே இல்லை. அவனுக்கு உள்ளே வர பயம்.

"கையை எங்கடி வைக்கிறது?" என்று அண்ணி கேட்டாள். "பாடும்போது கையில ஏதாவது இருக்கணும் எனக்கு. சும்மா தொங்கவிட்டா யாரோட கையோ மாதிரி இருக்கு."

வாலு பையிலிருந்து ஒரு கைத்துண்டை எடுத்துக் கொடுத்தாள். "இதை வச்சுக்கங்க."

அண்ணி அதை இரண்டு முனையிலும் பிடித்துப் பார்த்தாள். முகம் தெளிந்தது. "நீ கதவுகிட்டயே நில்லு, என்ன? நீ நிக்கிறன்னு தெரிஞ்சா போதும்."

"நிக்கிறேன் அண்ணி."

தலையில் ஒலிவாங்கி மாட்டிய ஒரு பெண் வந்து எண்ணைக் கூப்பிட்டாள். கைபேசியில் பேசிய அதே படபடப்பு. "ஒருத்தர்தான் உள்ள போகணும். கூட வந்தவங்க இந்தப் பக்கம்." அண்ணியை உள்ளே அனுப்பிவிட்டு, அடுத்த ஆளைத் தேடிக்கொண்டு ஓடினாள். கதவு தானாகச் சாத்திக்கொள்ளப் போய், எதிலோ தட்டி, ஒரு கை நுழையும் அளவுக்கு இடம் விட்டு நின்றது.

வாலு அந்த இடைவெளியில் கண்ணை வைத்தாள்.

அது ஓவிய வகுப்பாக இருக்கவேண்டும். சுவரில் பிள்ளைகள் வரைந்த சூரியன்கள். நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று நடுவர்கள். நடுவில் கண்ணாடி போட்ட ஒருவர், ஒரு பக்கம் நரைமுடி அம்மா ஒருத்தி, மறுபக்கம் எதையோ மென்றுகொண்டிருந்த இளைஞன். அறை முழுக்க நிசப்தம். அண்ணி தன் வாழ்நாளில் இவ்வளவு அமைதியான இடத்தில் பாடியிருக்க மாட்டாள் என்று வாலுவுக்குத் தோன்றியது.

முதல் வரி நன்றாகவே வந்தது. மெல்லுகிறவன் மெல்லுவதை நிறுத்தினான். நரைமுடி அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவது வரியை அண்ணி எடுத்தாள். கைத்துண்டின் இரு முனையையும் பிடித்தபடி பாடிக்கொண்டே வந்தவள், மூச்சு வாங்கும் இடத்தில், தன்னை அறியாமல் இரண்டு அடி முன்னால் நடந்தாள். கைகளை நீட்டி, கைத்துண்டை மேசைக்கு எதிரே, யாரிடமோ கொடுப்பதுபோல ஏந்திக்கொண்டு நின்றாள். வாங்கிக்கொள்ள யாரும் இல்லை. பாட்டு நின்றது.

"எங்கம்மா வர்றீங்க?" என்றார் கண்ணாடிக்காரர்.

இளைஞன் சிரித்துவிட்டான். அண்ணி திடுக்கிட்டுப் பின்னால் போனாள். "மன்னிக்கணுங்க. மறுபடி பாடுறேன்." மறுபடி பாடினாள். அதே இடத்தில் அதே போலக் கால் முன்னால் வந்தது, கை நீண்டது, வரி அறுந்தது.

வெளியே நின்றவளின் வாய்க்குள் அந்த வரி அப்போது இருந்தது. சுருதி தப்பாமல், மூச்சு நிறைய, நாக்கு நுனியில் இருந்தது. உதட்டைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. போட்டி விதி என்று ஒன்று இருக்கிறதே, வெளியாள் பாடினால் அண்ணியை வெளியே அனுப்பிவிடுவார்களே என்று நினைத்ததாக என்னிடம் ஒருமுறை சொன்னாள். பிறகு "அப்படி நெனச்சது அப்புறம்தான்" என்றாள்.

கண்ணாடிக்காரர் மேசையிலிருந்த கருவியைத் தட்டி அண்ணன் அனுப்பிய படத்தை ஓடவிட்டார். நல்ல ஒலிபெருக்கி. சலவைக்கூடத்தின் இரைச்சல் அந்த வகுப்பறைக்குள் வந்தது. அதன் மேல் அந்தப் பாட்டு, அறுபடாமல்.

"இதுல இந்த இடத்துல மூச்சே இல்ல. இங்க ரெண்டு தடவையும் விட்டுட்டீங்க. வெட்டி ஒட்டினதாம்மா இது?"

"அப்படியெல்லாம் செய்யத் தெரியாதுங்க எங்களுக்கு."

"அப்ப பாடுறது நீங்கதானே?"

அண்ணி அந்தப் பாட்டையே கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் தன் பாட்டை வெளியிலிருந்து கேட்பது அதுதான் முதல் தடவை. அண்ணன் அதுவரை எத்தனையோ பேருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறான், அப்போதெல்லாம் அவள் வெட்கப்பட்டு உள்ளே போய்விடுவாள். படத்தில் தான் குனிந்து மறைவதையும், தன் வாய் இல்லாத நேரத்தில் பாட்டு தன்பாட்டுக்குப் போவதையும் பார்த்தாள். "இன்னொரு தடவை போடுங்க" என்றாள். போட்டார்கள். 

பிறகு அண்ணி, யாரிடமும் பேசாததுபோல மெதுவாக, "அந்த இடத்துல நான் இல்லீங்க" என்றாள். "என் நாத்தனார்."

"அவங்க எங்க?"

"வெளிய நிக்கிறா. கதவுகிட்ட." திரும்பிக் கதவைப் பார்த்தாள்.

நரைமுடி அம்மா முன்னால் சாய்ந்தாள். "கூப்பிடுங்களேன். ரெண்டு பேரும் சேந்து பாடட்டும். விதிக்கு என்ன செய்யலாம்னு அப்புறம் பார்ப்போம். எனக்கு அந்த வரியை முழுசாக் கேக்கணும்."

வாலு அதைக் கேட்டாள். ஒரு சொல் விடாமல் கேட்டாள். அண்ணியின் கண் கதவிடுக்கில் தேடியபோது சுவரோரம் ஒதுங்கினாள். கால்கள் தாமாகவே நடந்தன. தாழ்வாரத்தின் கடைசியில் பிள்ளைகள் கை கழுவும் குழாய்கள் இருந்தன. இடுப்பு உயரம்கூட இல்லாத தொட்டி. அங்கே போய்க் குனிந்து தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டாள். பயம் இருந்தது, பொய் இல்லை. ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. கொஞ்ச நேரம், கொஞ்சமே கொஞ்ச நேரம், நான் இல்லாமல் அண்ணி அங்கே நிற்கட்டும், முனகுகிறவள் இல்லாவிட்டால் எப்படி இருக்கிறது என்று பார்க்கட்டும் என்று நினைத்தாள். அவ்வளவுதான் நினைத்தாள். உடனே போய்விடலாம் என்றும் நினைத்தாள்.

தாழ்வாரத்தில் ஒலிவாங்கிப் பெண்ணின் குரல் கேட்டது. "நாத்தனார் யாரு? இங்க நாத்தனார் யாராவது இருக்கீங்களா?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "எல்லா வீட்டுலயும் ஒருத்தி இருப்பாம்மா, எந்த நாத்தனார்?" என்று யாரோ கேட்டார்கள். வாலு குழாயை மூடிக் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். வேகமாகத்தான் நடந்தாள். பாதி வழியில் அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். சுவரைப் பார்த்துப் பாடிய தடியான மனிதர் உள்ளே போக, அண்ணி வெளியே வந்தாள்.

கையில் கைத்துண்டை நாலாக மடித்து வைத்திருந்தாள்.

"எங்கடி போன?"

"தண்ணி குடிக்க, அண்ணி."

"உன்னைக் கூப்பிட்டாங்க."

"அப்படியா? கதவு சாத்தியிருந்துச்சு. ஒண்ணும் கேக்கல."

அண்ணி அவளைப் பார்த்தாள். கோபமாக இல்லை. வெகுநாள் பழகிய முகத்தில் புதிதாக ஒரு மச்சத்தைக் கண்டுபிடித்ததைப்போலப் பார்த்தாள்.

"உன் குரல் ரொம்ப நல்லா இருக்குடி" என்றாள். "இத்தனை வருஷம் பக்கத்துலயே இருந்து எனக்குத் தெரியல பாரு. முனகுறான்னு வேற சொல்லியிருக்கேன்."

வாலு கைத்துண்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். 

வேனில் அண்ணன் ஓட்டிக்கொண்டே கேட்டான். "என்ன ஆச்சு? எடுத்துக்கிட்டாங்களா?"

"இல்லீங்க. மூச்சு பத்தல" என்றாள் அண்ணி.

"அட, மூச்சு பத்தலையா? என்கிட்ட சண்டை போடும்போது மட்டும் எங்கிருந்து வருது?" என்று அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தான். அவள் சிரித்தாள், அவனுக்காக. நடுவில் உட்கார்ந்திருந்த வாலுவின் முட்டியைத் தட்டிக்கொடுத்தாள். 

மறுநாள் இருவரும் வழக்கம்போல மடிக்கும் இடத்தில் எதிரெதிரே நின்றார்கள். உதறினார்கள், மடித்தார்கள். அண்ணி நடந்து வந்தாள், கொடுத்தாள், குனிந்தாள். அண்ணி ஆரம்பிப்பாள் என்று வாலு காத்திருந்தாள். வாலு ஆரம்பிக்கட்டும் என்று அண்ணி காத்திருந்தாளோ என்னவோ. ஒருத்தி மூச்சு வாங்கும் இடம் எது என்று இன்னொருத்திக்குத் தெரியும், அப்படித் தெரியும் என்பது இப்போது இருவருக்கும் தெரியும். அதன் பிறகு அந்த வரியை யாரால் எடுக்க முடியும்? இயந்திரங்களின் இரைச்சல் மட்டும் இருந்தது. ரேடியோ அக்காகூட அன்று பக்கத்தில் வந்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனாள்.

இது நடந்து வருஷங்கள் ஆகின்றன. போட்டி அந்த வருஷம் நடந்து முடிந்து யாரோ ஜெயித்தார்கள். சுவரைப் பார்த்துப் பாடிய மனிதர் மூன்றாவதாக வந்தார் என்று கேள்வி. அண்ணன் கைபேசியைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டான், படம் அதோடு போயிற்று. ரேடியோ அக்கா இப்போது சலவைக்கூடத்தின் மேற்பார்வையாளர், அங்கே ரகசியம் என்று எதுவும் மிச்சமில்லை. அண்ணிக்குத் தோள்பட்டை வலி வந்து வேலையை விட்டுவிட்டாள். வீட்டில் இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள், எல்லோரோடும் சிரித்துப் பேசுகிறாள், பாத்திரம் தேய்க்கும்போது பாடுவதில்லை. வாலு இன்னும் அதே இடத்தில்தான் விரிப்பு மடிக்கிறாள், எதிரே வேறொரு பெண். அந்தப் பெண்ணுக்குப் பாட வராது. கதவு திறந்திருந்தது என்று வாலு அண்ணியிடம் இதுவரை சொல்லவில்லை. அண்ணியும் கேட்கவில்லை.